முதலில் மதர்போட்டைக் கேளுங்கள்!



"உம்மா, கணனி ஊர்ந்து ஊர்ந்து போகிறது. புதிதாக ஏதாவது போட்டுத் தாங்களேன்!" சாதாரண தரமோ உயர்தரமோ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் குரல் கேட்காத நாளில்லை. உடனே என்ன செய்கிறோம்? கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் பிள்ளைகளின் வாப்பாவுக்குச் செய்தி போகிறது: "கணனிக்கு ரேம் ஒன்று வாங்கி அனுப்புங்கள்." அவரும் வேலைக் களைப்போடு கடைக்குப் போய், இருப்பதில் விலை கூடியதாகப் பார்த்து வாங்கி, லீவில் ஊர் வரும் ஒருவரின் பெட்டியில் கொடுத்தனுப்புகிறார். இங்கே பிரித்துப் பொருத்திப் பார்த்தால், அது உரிய இடத்தில் இறங்கவே மறுக்கிறது! வாங்கிய கடையோ கடலுக்கு அப்பால். மாற்றிக் கொடுப்பது யார்? பல நாள் உழைப்பு அலுமாரி மூலையில் போய்க் கிடக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் இப்படி என்றில்லை. கொழும்பு பம்பலப்பிட்டியில் கணனிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் இதே கதைதான். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒரு துண்டுப் பாகத்தை மாற்றுவதற்காக இன்னொரு முறை போய்வரும் செலவில் பாதிப் பாகம் வாங்கிவிடலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாகம் பழுதானதல்ல. கடைக்காரர் ஏமாற்றவுமில்லை. அது நல்ல பாகம். ஆனால் நம் வீட்டுக் கணனிக்குப் பொருந்தாத பாகம். ஆகவே பாகம் வாங்கும்போது "எது நல்லது?" என்று கேட்பதற்கு முன் "எங்கள் கணனிக்கு எது பொருந்தும்?" என்று கேட்க வேண்டும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

துறைமுகம் சொல்லும் பாடம்

நமது திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அதற்காக வருகிற கப்பலெல்லாம் நினைத்த இடத்தில் கட்டிவிட முடியுமா? கோதுமைக் கப்பலுக்கு மாவாலையின் ஜெட்டி. எண்ணெய்க் கப்பலுக்கு எண்ணெய் ஜெட்டி. கப்பலின் நீளம் என்ன, நீருக்குள் எவ்வளவு அமிழும், என்ன சரக்கு என்றெல்லாம் முன்கூட்டியே கேட்ட பிறகுதான் இடம் ஒதுக்குகிறார்கள். கப்பல் எவ்வளவு புதியது, எத்தனை கோடி பெறும் என்பதை ஜெட்டி பார்ப்பதில்லை.

கணனிப் பெட்டிக்குள்ளும் ஒரு துறைமுகம் இருக்கிறது. அதுதான் மதர்போட் எனும் தாய்ப்பலகை. மூளையாகிய புரொசசர், வேலை செய்யும்போது தேவைப்படும் நினைவகமாகிய ரேம், கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் எல்லாம் வந்து சேரும் இடம் அதுவே. எந்தப் பாகம் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிப்பதும் அதுவே. ஆகவே முதலில் மதர்போட்டைக் கேளுங்கள். பிறகு பணப்பையைத் திறங்கள்.

அதை எப்படிக் கேட்பது? மிகவும் இலகு. விசைப்பலகையில் விண்டோஸ் அடையாளமுள்ள விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சிறிய கட்டம் வரும். அதில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ, 3, 2 என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றி அடித்து என்டர் கொடுங்கள். புரொசசரின் பெயர், பேஸ்போட் என்ற தலைப்பில் மதர்போட்டின் நிறுவனமும் மாதிரி இலக்கமும், இருக்கும் ரேமின் அளவு எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணனி இயங்காவிட்டால் மின்சாரத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து பாருங்கள்; பலகையின் மேலேயே மாதிரி இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

புரொசசர்: ஒரே அளவுச் செருப்பு, வேறு கால்

புரொசசர் உட்காரும் இடத்துக்கு சொக்கெட் என்று பெயர். இன்டெல் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடும். 2ஆம், 3ஆம் தலைமுறைகளுக்கு 1155. 4ஆம் தலைமுறைக்கு 1150. 6 முதல் 9 வரை 1151. 10, 11க்கு 1200. 12 முதல் 14 வரை 1700. தலைமுறையை அறிவதும் கடினமல்ல. ஐ5-4570 என்றால் கோட்டுக்குப் பின் வரும் 4தான் தலைமுறை. ஐ5-10400 என்றால் 10ஆம் தலைமுறை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் புரொசசர் இந்த இன்டெல் பலகைகளில் உட்காராது.

இதில் மிகப் பெரிய பொறி 1151 தான். 2015இல் வந்த 6ஆம் தலைமுறையும் 2017இன் கடைசியில் வந்த 8ஆம் தலைமுறையும் ஒரே 1151 என்ற பெயரையே கொண்டவை. பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் எச்110 போன்ற 6ஆம் தலைமுறைப் பலகையில் ஐ5-8400ஐ வைத்தால் கணனி உயிர் பெறாது. 8ஆம், 9ஆம் தலைமுறைகளுக்கு 300 வரிசைப் பலகைகளே வேண்டும். "இதுவும் 1151, அதுவும் 1151, பிரச்சினையில்லை" என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மதர்போட் நிறுவனத்தின் இணையத் தளத்தில் உங்கள் மாதிரி இலக்கத்தைத் தேடினால், அது ஏற்கும் புரொசசர்களின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் வாங்கலாம்; இல்லாவிட்டால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொரு பொறி இறுதி எழுத்தில் இருக்கிறது. இன்டெல் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து வந்தால், அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இயங்காது. விலை சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வாங்காவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். மலிவு என்று வாங்கி, பிறகு அதைவிடக் கூடிய விலையில் இன்னொன்று வாங்க நேரும்.

ரேம்: வெட்டு எங்கே இருக்கிறது?

ரேம் துண்டின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய வெட்டு உண்டு. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஒவ்வொன்றுக்கும் அந்த வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். தவறானதைச் செருகாமல் இருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். டி.டி.ஆர்.3க்கு 1.5 வோல்ட், 4க்கு 1.2, 5க்கு 1.1 என மின்னழுத்தமும் வேறு. ஆகவே இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள்! அழுத்தினால் ரேம் மட்டுமல்ல, பலகையும் போய்விடும்.

"8 ஜீ.பி. ரேம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது "சட்டை ஒன்று தையுங்கள்" என்று அளவு கொடுக்காமல் துணியை அனுப்புவது போலத்தான். எந்த டி.டி.ஆர்., மேசைக் கணனிக்கா மடிக் கணனிக்கா (மடிக் கணனியின் ரேம் கட்டையானது), பலகையில் எத்தனை செருகுமிடம், அதில் எத்தனை காலி, பலகை ஏற்கும் உச்ச அளவு என்ன என்று ஐந்தையும் எழுத வேண்டும். உதாரணமாக, 4ஆம் தலைமுறைக்கான எச்81 பலகைக்கு இரண்டே செருகுமிடம். உச்சம் 16 ஜீ.பி. 6ஆம் தலைமுறை எச்110 பலகைகளில் சில டி.டி.ஆர்.3ஐயும், சில டி.டி.ஆர்.4ஐயும் கேட்கும். தலைமுறையைப் பார்த்து ஊகிக்காமல் பலகையைப் பார்த்தே எழுதுங்கள்.

இன்னுமொன்று. கணனியில் 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜீ.பி.க்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் அது பயன்படுத்தாது. முதலில் 64 பிட்டுக்கு மாற்ற வேண்டும்.

2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கான நினைவகத்தைத் தயாரிப்பதில் ஆலைகள் முனைந்ததே முக்கிய காரணம். தவறான ரேம் வாங்கினால் நட்டமும் அந்த அளவுக்குப் பெரியது.

டிஸ்க்: முதல் ரூபாய் இங்கே போகட்டும்

மெதுவாகிப்போன பழைய கணனிக்குக் கூடுதல் பலன் தருவது எது என்று கேட்டால், பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. என்பதே விடை. பழைய ஹாட் டிஸ்க்கினுள்ளே தட்டு சுழல வேண்டும், ஊசி நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. ஹாட் டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் அளவில் கொடுக்கும்போது, சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500ஐத் தாண்டிக் கொடுக்கும். சிதறிக் கிடக்கும் சிறிய கோப்புகளை எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு.

பொருத்தம் பார்ப்பதிலும் இதுதான் இலகு. இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஏறக்குறைய எல்லா மேசைக் கணனிகளிலும் பொருந்தும். சூயிங்கம் துண்டுபோல மெலிந்திருக்கும் எம்.2 வகையில்தான் கவனம் வேண்டும். அதற்குரிய இடம் பலகையில் இருக்க வேண்டும். அந்த எம்.2விலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு வகை. ஒன்றை மட்டும் ஏற்கும் பலகையில் மற்றது வேலை செய்யாது. 4ஆம் தலைமுறைக்கு முந்திய கணனிகளில் எம்.2 இடம் பெரும்பாலும் இருப்பதேயில்லை. சந்தேகமிருந்தால் இரண்டரை அங்குல சாட்டாவையே கேளுங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே விற்றுவிடாதீர்கள். குடும்பப் படங்களையும் பத்திரங்களின் பிரதிகளையும் அதில் இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.

மின்பெட்டி: கண்ணுக்குத் தெரியாத செலவு

மகன் விளையாட்டுக்கென்று கிராபிக்ஸ் கார்ட் கேட்கிறாரா? மதர்போட்டின் செருகுமிடம் தரும் மின்சாரம் 75 வாட் மட்டுமே. அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற கார்டுக்கு மட்டும் 170 வாட். கணனி முழுவதற்கும் 550 வாட் மின்பெட்டி வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார்.

மின்பெட்டியில் பெரிய எழுத்தில் 500 என்று ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்திலுள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற வரியில் எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாட். உண்மையில் வேலைக்கு உதவுவது பெரும்பாலும் அந்த 216தான்!

வெளிநாட்டிலிருந்து மின்பெட்டி வந்தால் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்பு விசை இருக்கிறதா என்று பாருங்கள். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். விசை 115இல் இருக்கும்போது செருகினால் வெடித்துப்போகும்.

பாவித்த பெட்டிகள் வாங்கியவர்களுக்கு

2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. புதிய கணனி எட்டாக்கனியாகிப் போக, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்.பி. பெட்டிகளே பல வீடுகளுக்குக் கைகொடுத்தன. உறுதியான பெட்டிகள்தான். ஆனால் அவை தம் குடும்பத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொள்பவை! டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 போன்றவற்றில் மதர்போட்டுக்கு மின்சாரம் போகும் இணைப்பு வழக்கமான 24 ஊசி அல்ல, 8 ஊசிதான். கடையில் வாங்கும் சாதாரண மின்பெட்டி அதில் நேரடியாகப் பொருந்தாது. எச்.பி.யின் பல மாதிரிகளிலும் இவ்வாறே தனி அமைப்பு. ஒடுக்கமான பெட்டியாக இருந்தால் பாதி உயரக் கார்டுகளே உள்ளே போகும். இத்தகைய பெட்டிகளுக்கு எஸ்.எஸ்.டி.யும் ரேமும் போடுவதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

விண்டோஸ் 11 என்ற பயம்

2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விரும்பிப் பதிவு செய்வோருக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பும் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர், 4 ஜீ.பி. ரேம், 64 ஜீ.பி. இடம், டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பு ஆகியன வேண்டும்.

"உங்கள் கணனி தகுதியற்றது" என்று திரையில் வந்ததும் புதிதாக வாங்க ஓடாதீர்கள். 8ஆம் தலைமுறைக்குப் பிந்திய பல பலகைகளில் டி.பி.எம். உள்ளேயே இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பயோஸ் எனும் ஆரம்ப அமைப்புக்குள் போய் அதை இயக்கினால் ஒரு சதமும் செலவில்லை. 7ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் என்றால், புரொசசரை மட்டும் மாற்றிப் பலனில்லை. மதர்போட், புரொசசர் இரண்டையும், டி.டி.ஆர்.3 பாவிக்கும் கணனியாயின் ரேமையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அது மேம்படுத்தல் அல்ல. பாதி புதுக் கணனி. அந்தச் செலவுக்கு இப்போது வசதியில்லாவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டு, எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும் பழைய கணனியையே பாவிக்கலாம். இதற்காக நகையை அடகு வைக்கவோ வட்டிக்குக் கடன் வாங்கவோ வேண்டியதில்லை.

நம் ஊர்க் காற்றும் மின்சாரமும்

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு பொருத்தமும் பார்க்க வேண்டியிருக்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் இணைப்புகளில் களிம்பு பிடிக்க வைக்கும். நேற்றுவரை நன்றாயிருந்த கணனி வாடைக் காலத்தில் திடீரென்று திரை வராமல் நின்றால், உடனே "ரேம் பழுது" என்று புதிதாக வாங்காதீர்கள். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, பொன்னிற ஓரத்தைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். கச்சான் காலத்தில் தூசி விசிறியை அடைத்துவிடும். அந்த வெக்கையிலும் கணனி மெதுவாகும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் வையுங்கள். தூசிக்கும் நல்லது, வெள்ளத்துக்கும் நல்லது.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022 மார்ச் 31இல் 13 மணி நேரம் இருளில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதையும் கண்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதிய புரொசசரைப் பழைய பலகை ஏற்பதற்குச் சில வேளை பயோஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் நல்ல மதர்போட் செத்துப்போகக்கூடும். யூ.பி.எஸ். இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம். கடையில் செய்வித்தாலும் யூ.பி.எஸ். இருக்கிறதா என்று கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு தாள்

இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு தாளில் இவற்றை எழுதி, கைத்தொலைபேசியில் படமெடுத்து, வாங்கப் போகிறவருக்கு அனுப்புங்கள்:

1. மதர்போட்டின் நிறுவனம், மாதிரி இலக்கம்.
2. இப்போதுள்ள புரொசசரின் முழுப் பெயர், கடைசி எழுத்து உட்பட.
3. ரேம்: டி.டி.ஆர். 3ஆ, 4ஆ, 5ஆ? எத்தனை இடம், எத்தனை காலி, உச்ச அளவு என்ன?
4. எம்.2 இடம் உண்டா? உண்டென்றால் சாட்டாவா, என்.வி.எம்.இ.யா?
5. மின்பெட்டியின் 12 வோல்ட் வரியில் எத்தனை அம்பியர்?
6. பெட்டி முழு அளவா, ஒடுக்கமா? டெல், எச்.பி. என்றால் அதன் மாதிரி இலக்கம்.
7. மொனிட்டரின் பின்னால் இருப்பது வீ.ஜி.ஏ.யா, எச்.டி.எம்.ஐ.யா?

செலவு செய்யும் ஒழுங்கும் இதுதான்: முதலில் தூசி தட்டிச் சுத்தம் செய்தல், இரண்டாவது எஸ்.எஸ்.டி.; மூன்றாவது ரேம். இந்த மூன்றோடு பெரும்பாலான வீடுகளின் தேவை தீர்ந்துவிடும். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் அதற்குப் பிறகு, உண்மையில் தேவையென்றால் மட்டும்.

கடையில் வாங்கும்போது "இந்தப் பலகைக்குப் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, மதர்போட்டின் இலக்கத்தையும் எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குத் தயங்க மாட்டார். தயங்கினால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.

அந்தத் தாளை எழுதும் பொறுப்பை வீட்டுப் பெண் பிள்ளையிடம் கொடுங்கள், சகோதரிகளே. ஆண் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவளை ஒதுக்கி வைக்காதீர்கள். பெட்டியைத் திறந்து, பலகையின் இலக்கத்தைத் தன் கண்ணால் பார்த்து எழுதிய பிள்ளைக்கு அந்தப் பெட்டி பிறகு மர்மமாக இருக்காது. வெளிநாட்டில் உழைப்பவரின் ஒரு ரூபாயும் வீணாகாமல் காப்பதும் ஒரு படிப்புத்தானே!